பித்தளைத்துரையின் இடமாற்றம்

தேயிலைத் தொழிற்சாலையில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் இளைய நண்பர்களே, நான் கண்ணால் கண்டவற்றையும், கண்டவர் இருவரிடம் தனித்தனியே விசாரித்து இருவர் கூற்றும் ஒத்திருந்தவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துச் சங்கு தானாக ஊதிய கதை என்னைவிட வேகமாகப் பயணம் செய்திருக்கிறது. கொட்டகலைக் கடைவீதியில் நான் அதைக் கேட்டபோது, சங்கு மூன்று நாள் இடைவிடாமல் ஊதியிருந்தது. வட்டகொடைப் புகைவண்டி நிலையத்தில் ஒருவர், தோட்டத்து மேலாளரான பெரிய துரையே கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தார் என்று என்னிடமே சத்தியம் செய்தார். நான் அந்தத் தோட்டத்தில் அன்று இருந்தவன் என்று சொன்னேன். "அப்ப ஒங்களுக்குத் தெரிய நியாயமில்லைங்க, நீங்க ஸ்டோருக்குள்ள இருந்திருப்பீங்க" என்றார். ஸ்டோர் என்பது எங்கள் பேச்சில் தொழிற்சாலை. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இன்னொரு காரணமும் உண்டு. அன்று நடந்த அத்தனையும், ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் வேறு யாரோ சரிபார்த்திருப்பார் என்று நம்பியதால் நடந்தவை. அதைப் பற்றி எழுதும்போதும் அதே நம்பிக்கையில் எழுத எனக்கு விருப்பமில்லை.

நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் தேயிலையின் பக்குவம் பார்க்கும் உதவி டீமேக்கராக இருந்தேன். எனக்கு மேலே பெரிய டீமேக்கர். அவர் பெயரை எழுதவில்லை. தம்மைப் பற்றி எவரும் எழுதுவதை அவர் விரும்பியதில்லை. மெலிந்த மனிதர். பேசுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடித்தபின் பெரும்பாலும் பேசாமலே மாட்டிக்கொள்வார்.

அந்நாட்களில் எங்கள் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குக் கொம்பு ஊதுவார்கள். வேலைக்காரர்கள் எல்லாரும் மைதானத்தில் கூடி, யார் எந்த மலைக்குப் போவது என்று கேட்டுக்கொண்டு கலைவதற்குப் பெயர் பெரட்டு. கொம்பு ஊதுபவர் மருதமுத்து என்ற ஒரே மனிதர். அவர் நேரத்துக்கு முந்தி ஊதினாலும் பிந்தி ஊதினாலும் திட்ட வேண்டியவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. பெண்கள் மைதானத்துக்கு வரும் வழியிலேயே அந்த வேலையை முடித்துவிட்டு வருவார்கள்.

பிறகு கம்பனி மின்சாரச் சங்கு ஒன்றை அனுப்பியது. அது தொழிற்சாலைக் கூரையின்மேல் ஏறி உட்கார்ந்தது. அதன் பொத்தான் பெரட்டு மைதானத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி. மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அந்தச் சாவியை மருதமுத்துவிடம் ஒப்படைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"இந்தா பாரு. கொம்புன்னா ஒன் வாய்க்கு எட்டுன தூரம். இது அடுத்த தோட்டம் வரைக்கும் கேக்கும். நேரங்கெட்ட நேரத்துல ஊதுச்சுன்னு வையி, ஒனக்குப் பத்துச்சீட்டுதான்."

பத்துச்சீட்டு என்பது வேலைநீக்கம். தோட்டத்தில் வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்; குடும்பமே சாமான்களோடு தெருவில் நிற்கும். மருதமுத்து அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் அவிழ்த்ததில்லை என்று அவர் மனைவி பாக்கியம் சொன்னதை உறுதிப்படுத்த என்னிடம் இரண்டாவது சாட்சி இல்லை. ஆயினும் நம்புகிறேன்.

சங்கு வந்து சில மாதங்களில் இன்னொரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு தேங்காய் அளவில் பளபளப்பான பித்தளைக் கருவி. அடுப்பிலிருந்து சூடான காற்று செல்லும் குழாயில் அதைப் பொருத்திவிட்டால், சூடு வரம்பு கடக்கும்போது அதுவே மணியடித்து எச்சரிக்கும். தேயிலை கருகாது; மனிதன் நின்று கவனிக்க வேண்டிய அவசியமில்லை. இப்படி அதனோடு வந்த தாள் கூறியது. மணி மட்டும் பெட்டியில் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு மெக்கானிக், மணிக்குப் பதிலாக எதையோ இணைத்துவிட்டு மாலை வண்டியில் போய்விட்டார். எதை இணைத்தார் என்று நாங்கள் எவரும் கேட்கவில்லை. இணைத்தாயிற்று என்றார்கள், அது போதுமானதாக இருந்தது. வாய் திறக்காமல், எதையும் தொடாமல், உயரத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததால் தொழிலாளர்கள் அதற்குப் பித்தளைத்துரை என்று பெயர் வைத்தார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மாசி மாதம். காமன் கூத்தின் கடைசி நாள் என்பதால் தோட்டத்துக்கு விடுமுறை. ரதியும் மன்மதனும் வேடமிட்டுப் பகலில் வீடு வீடாக ஆடிவருவார்கள். ரதியாக ஆடுபவரும் ஆண்தான். அவ்வாண்டு ரதி, மருதமுத்து. பாக்கியத்தின் கலியாணச் சேலையை உடுத்து, முகமெல்லாம் ரோசா நிறம் பூசி, கொண்டையில் பூ வைத்திருந்தார். பெரிய துரை வெளியூர் போயிருந்தார். பகல் வேளையில் கூத்துக்காரர்கள் அவருடைய பங்களாப் புல்வெளியில் அவர் மனைவி துரைசானி முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சாலைக்கு முழு விடுமுறை இல்லை. முந்தின நாள் கொழுந்து மாடியில் வாடிக்கொண்டிருந்தது. பருவம் தவறிய மழை வேறு. ஈரக் கொழுந்து வாட வேண்டுமானால் அடுப்பின் சூட்டை மாடிக்கு அனுப்ப வேண்டும். அடுப்படியில் அந்தோனி நின்றார். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; கூத்து நாளில் வேலை பார்த்துவிட்டு, நத்தார் என்னும் கிறிஸ்துமசுக்கு அந்த நாளை விடுமுறையாக வாங்கிக்கொள்வார். சூடு வேண்டும் என்று பெரிய டீமேக்கர் சொல்ல, நான் போய் அந்தோனியிடம் சொன்னேன். காய்ந்த சவுக்கு விறகாகப் பார்த்து அவர் அடுப்பை நிறைத்தார். சற்று நேரத்தில் எங்கள் தலைக்குமேலே சங்கு ஊதியது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பெரட்டு போலிருக்கிறது, துரை திடீரென்று சொல்லியிருப்பார் என்று எண்ணினோம்.

மைதானத்தில் நடந்ததை இருவர் வாய்மொழியால் அறிவேன். ஆட்கள் கூத்தை விட்டு ஓடிவந்தார்கள். முணுமுணுப்பு இருந்தது, வராதவர் இல்லை. கண்டாக்கு ஐயா சாப்பாட்டுக் கையோடு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னாங்க கண்டாக்கையா, திருநா அன்னைக்குமா?" என்றாள் பாக்கியம்.

"துரை சொல்லாம சங்கு ஊதுமா? கைக்காசு வேலையா இருக்கும்."

கைக்காசு என்றால் விடுமுறை நாளில் தனிக்கூலிக்குப் பறிப்பது. அதற்குள் பெரிய துரைக்கு அடுத்தவரான சின்னத்துரை வந்துவிட்டார். அவர் இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாதவர். பெரிய துரை கண்டாக்குக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பார் என்பது அவர் எண்ணம். சின்னத்துரையே வந்துவிட்டதால், இது மேலிடத்து உத்தரவுதான் என்பது கண்டாக்கு ஐயாவின் முடிவு. "என்ன கண்டாக்கு, ஆள் எல்லாம் வந்தாச்சா?" என்று இவர் கேட்க, "வந்தாச்சுங்க துரை" என்று அவர் சொல்ல, இருவர் ஐயமும் தீர்ந்தது.

ஐயம் தீராதவர் ஒருவர் இருந்தார். புல்வெளியிலிருந்து சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரதி ஓடிவந்தாள்.

"ஐயா, நா ஊதலைங்க. சாவி எங்கிட்டதான் இருக்கு. பொட்டி பூட்டுன மேனிக்கு இருக்கு, பாருங்க."

"ஊதலைன்னா எப்பிடி ஊதுச்சு?"

"அதத்தாங்க நானும் கேக்குறேன்."

"நாளைக்கு வெசாரணையில கேளு. இப்ப கூடைய எடு."

மருதமுத்துவுக்குப் பத்துச்சீட்டு கண்முன் தெரிந்தது. ஆனால் எல்லாரும் மலை ஏறினார்கள்; அவரும் ஏறினார். வேடத்தைக் கலைக்க நேரம் தரவில்லை. அன்று பதினான்காம் நம்பர் மலையில் ரதி கொழுந்து பறித்தது உண்மை. மன்மதன் கரும்பு வில்லைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி போல் பயன்படுத்தினான் என்பது பின்னால் சேர்த்தது.

கொழுந்து வந்து இறங்கியது. மழையில் நனைந்து, கூடைக்குக் கூடை நீர் சொட்ட, மாடிக்கு ஏறியது. ஈரம் கூடியதால் சூடும் கூட வேண்டியதாயிற்று. அந்தோனி விறகு போட்டார். சங்கு மறுபடி ஊதியது.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் பாதி வழியில் நின்றார்கள்.

"மறுபடியுமா? இந்தத் துரைக்கு இன்னைக்கு என்னா வந்துச்சு?"

"ஒம் புருசனைக் கேளுடி பாக்கியம், அவருதான சங்குக்கு மொதலாளி."

"எம் புருசன் இன்னைக்குப் பொம்பளையாவுல்ல இருக்காரு. என் சீலைய உடுத்திக்கிட்டு, என் சீலையவே சேத்துல இழுத்துக்கிட்டு. சங்கு ஊதுறதுக்கு அவருக்கு ஏது நேரம்?"

திட்டிக்கொண்டே திரும்பி மலைக்குப் போனார்கள். கண்டாக்கு ஐயா அடுத்த மலையைக் காட்டினார். அங்கே கொழுந்து இன்னும் வளரவில்லை; வளர்ந்த முற்றல் இலையையும் சேர்த்துப் பறித்தார்கள். சின்னத்துரை பாதையில் நின்று, தோட்டம் இவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குவதைப் பார்த்து மகிழ்ந்தார். உத்தரவு எதுவும் போடாமலே எல்லாம் நடக்கிறது என்று அவர் கண்டாக்கு ஐயாவிடம் பாராட்டாகச் சொன்னாராம். அன்று முழுவதும் உண்மைக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான். அங்கிருந்து ஓர் அடி முன்னே வைத்திருக்கலாம்.

உள்ளே எங்கள் நிலை வேறு. மாடித் தட்டுகள் நிறைந்தன. தரையில் சாக்கு விரித்துக் கொட்டினோம். படிக்கட்டில் கொட்டினோம். பிள்ளைக் காம்பராவில் அன்று குழந்தைகள் இல்லாததால் அங்கும் கொட்டினோம்; தொட்டில்களிலும் கொழுந்து கிடந்தது. குவிந்த கொழுந்து சூடேறிப் புளித்த மணம் வீசத் தொடங்கியது. கெட்டால் அது முழுவதும் எங்கள் கணக்கில் விழும். அப்போது மூன்றாம் முறை சங்கு ஊதியது.

பெரிய டீமேக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். வெளியே கூடைகளோடு வரிசை நின்றது. கண்டாக்கு ஐயா முன்னால் வந்தார்.

"டீமேக்கர், வழிய விடுங்க. ஆளுங்க நனைஞ்சிட்டு நிக்கிறாங்க."

"எறக்க எடமில்ல."

"சங்கு ஊதியிருக்கே."

"ஊதட்டும். அதுக்கு மாடியப் பாக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"யாரு உத்தரவுல நிறுத்துறீங்க?"

"என் உத்தரவு."

"மலைக்கு ஒங்க உத்தரவு செல்லாதே."

"செல்லாதுதான். ஆனா நாளைக்கு யாரு நிறுத்துனதுன்னு கேப்பாங்க. அப்ப சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல. என் பேரைச் சொல்லுங்க."

நண்பர்களே, அந்த நேரத்தில் சங்கு ஏன் ஊதுகிறது என்று அவருக்கும் தெரியாது. நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தெரியாது என்றே சொன்னார். காரணம் தெரிந்தபின் நிறுத்தலாம் என்று காத்திருந்தால் கொழுந்து எங்கள் கழுத்துவரை ஏறியிருக்கும். தெரியாததை ஒப்புக்கொண்டு, நிறுத்தியதற்கு மட்டும் பொறுப்பேற்றார். கண்டாக்கு ஐயாவின் முகத்தை நான் நேரே பார்த்தேன். சினம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது பெருமூச்சு. பகல் முழுவதும் அவர் தேடிக்கொண்டிருந்த ஓர் ஆள் கடைசியில் அகப்பட்டுவிட்டார்.

"கேட்டுக்கங்க. டீமேக்கர் ஐயா உத்தரவு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று அவர் உரக்கச் சொன்னார். டீமேக்கர் ஐயா என்பதை இரண்டாம் முறையும் சொன்னார். கூட்டம் உடனே கலைந்தது. கொழுந்து வரவில்லை, அடுப்புத் தணிந்தது, சங்கும் ஊதவில்லை. ஏன் ஊதவில்லை என்றும் எவருக்கும் தெரியாது.

மறுநாள் பெரட்டு நேரத்துக்கு முன்பே பெரிய துரை திரும்பினார். வந்ததும் மருதமுத்துவை அழைத்துச் சாவியை வாங்கித் தம் மேசைமேல் வைத்தார். ஆகவே அன்று காலைச் சங்கு ஊதவில்லை. சங்கு ஊதாததால் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. வேலையில்லாத நாளில் தோட்டமே பறித்தது. வேலை நாளில் தோட்டமே வீட்டில் இருந்தது. சின்னத்துரைக்கு இதுவும் ஓர் ஒழுங்காகவே பட்டிருக்கலாம்.

விசாரணை துரையின் ஆபீசில். இரண்டு துரைமாரும் துரைசானியும் நாற்காலியில்; கண்டாக்கு ஐயாவும் பெரிய டீமேக்கரும் நானும் சுவரோரம். மருதமுத்து நடுவில். காக்கிக் காற்சட்டையும் கிழிந்த கோட்டும் அணிந்திருந்தார். முகத்தில் ரோசா நிறம் மட்டும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம்.

"மருதமுத்து, சாவி ஒரு ஆள் கையிலே. அந்த ஆள் நீ. நேத்துப் பகல் சங்கு ஊதும்போது எங்கே நீ?" என்றார் துரை.

"பங்களாவுலதாங்க துரை. ரதியா ஆடிக்கிட்டிருந்தேங்க. துரைசானி அம்மாவே பாத்தாங்க."

துரை மனைவியைப் பார்த்தார். துரைசானி ஆங்கிலத்தில் உறுதியாக மறுத்தார். ஆடியவள் ஒரு பெண். மிக நாணமுள்ள பெண். தாமே அவள் கையைப் பிடித்துப் பாராட்டி, தம் நீல மணிமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்ததாகவும், இந்த மனிதரைத் தாம் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார்.

"அந்த மாலை எங்கே?" என்றார் துரை.

மருதமுத்து பதில் சொல்வதற்குள் துரைசானி சன்னல் பக்கம் கை நீட்டினார். வெளியே, கணவனுக்கு என்ன ஆகுமோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டு பாக்கியம் நின்றாள். அவள் கழுத்தில் நீல மணிமாலை. அதோ அவள்தான், அந்த நாணம்கூட அப்படியே இருக்கிறது என்றார் துரைசானி.

பாக்கியத்தை உள்ளே அழைத்தார்கள்.

"நீயா நேத்து ஆடினது?"

"நா எதுக்குங்க துரை ஆடுறேன்? ஆடுனது இந்த மனுசன். ஆடுனதுக்குக் கெடச்ச மாலைய, எஞ் சீலை கிழிஞ்சதுக்கு ஈடாப் புடுங்கி மாட்டிக்கிட்டேன்."

இதை மொழிபெயர்த்தார்கள். துரைசானி நம்பவில்லை. கணவனைக் காப்பாற்ற இந்த ஏழைப் பெண் பொய் சொல்கிறாள் என்று கண்கலங்கினார். பாக்கியம் ரதியானால் மருதமுத்து எங்கேயும் இல்லாதவர் ஆகிவிடுகிறார். எங்கேயும் இல்லாதவர் மைதானத்தில் பொத்தானருகே இருந்திருக்கலாம். கண்டாக்கு ஐயா அவரை ரதி வேடத்தில் கண்டது சங்கு ஊதிய பின்புதான். துரையின் கை, பத்துச்சீட்டு எழுதும் புத்தகத்தின் பக்கம் நகர்ந்தது. பாக்கியம் மாலையைக் கழற்றி மேசைமேல், சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெரிய டீமேக்கர் கண்ணாடியைத் துடைத்தார். இம்முறை பேசினார்.

"துரை, ரதி யாருன்னு தெரியணும்னா ஆடச் சொல்லிப் பாக்கலாம்ங்க. ரெண்டு பேரையுமே."

பாக்கியம் மறுத்துவிட்டாள். "காம்பரா போனாலும் போகட்டும், நா ஆட மாட்டேன்" என்றாள். மருதமுத்து மறுக்கும் நிலையில் இல்லை. காக்கிக் காற்சட்டையோடு, ஆபீஸ் விரிப்பின்மேல், எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழும் கட்டத்தை ஆடத் தொடங்கினார். முதலில் அடிகள் தவறின. பிறகு கூத்து அவரைப் பிடித்துக்கொண்டது. தலையை விரித்துப்போடக் கூந்தல் இல்லாததால் கோட்டைத் தலைமேல் போட்டுக்கொண்டார். மார்பில் அடித்துக்கொண்டு மண்டியிட்டு, சின்னத்துரையின் காலணியைப் பிடித்துக்கொண்டு, அவரையே தன்னை விட்டுப் பிரிந்த கணவனாகக் கருதிப் புலம்பினார். சின்னத்துரை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். துரையின் நாய் மேசைக்கடியிலிருந்து ஊளையிட்டது. துரைசானியின் முகத்தில் ஐயம் தோன்றத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில் சங்கு ஊதியது.

எல்லாரும் மேசையைப் பார்த்தோம். சாவி அங்கேயே இருந்தது. மருதமுத்து தரையில் இருந்தார். சன்னல் வழியே, காலையிலிருந்து வீட்டில் கிடந்த தோட்டம் முழுவதும் கூடையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவது தெரிந்தது. கண்டாக்கு ஐயா சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். சின்னத்துரை காலை விடுவித்துக்கொண்டு தொப்பியை எடுத்தார். சாவியை மேசைமேல் வைத்திருந்த பெரிய துரையும் எழுந்து இரண்டு அடி நடந்துவிட்டார். பிறகுதான் நின்றார்.

"யார் ஊதினது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நம்ம அத்தனை பேரும் இங்க இருக்கோம்ங்க துரை. ஸ்டோருல இருக்கிறது அந்தோனி மட்டுந்தான்" என்றார் பெரிய டீமேக்கர்.

எல்லாரும் தொழிற்சாலைக்குப் போனோம். அந்தோனி வியர்வை வழிய விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னா அந்தோனி, எதுக்கு இவ்வளவு வெறகு?"

"நேத்துக் கொழுந்து மலையாட்டம் கெடக்குதுங்க, வாட்டணும்ல. அதோட இப்ப சங்கு வேற ஊதுச்சு. சங்கு ஊதுனா கொழுந்து வரும். கொழுந்து வந்தா சூடு வேணும். நீங்க வந்து சொல்றதுக்கு முந்தியே போட்டுட்டேன்."

அவர் ஒரு கட்டையை உள்ளே தள்ளினார். சங்கின் ஓலம் தொடர்ந்தது. பெரிய டீமேக்கர் பித்தளைத்துரையை அண்ணாந்து பார்த்தார். அதன் முதுகிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டுச் சுவரில் ஏறி, கூரையைத் துளைத்து, நேரே சங்குக்குப் போயிருந்தது. ஊரிலேயே உரத்த மணி அதுதான் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார். அதாவது, அடுப்பு சூடானால் பெரட்டு. பெரட்டு கூடினால் கொழுந்து. கொழுந்து வந்தால் அடுப்பு.

பொறியியல் படித்த என் மருமகன் பல ஆண்டுகளுக்குப் பின் இதைக் கேட்டுவிட்டு, இதற்கென்றே சைபர்நெட்டிக்ஸ் என்றொரு துறை இருப்பதாகச் சொன்னார். ஒரு பொறியின் விளைவு சுற்றிவந்து அதே பொறியைத் தூண்டுவதற்குப் பின்னூட்டம் என்று பெயராம். தாளில் ஒரு வட்டம் போட்டு அம்புக்குறிகள் வரைந்தார். இதில் கண்டாக்கு ஐயா எங்கே என்று கேட்டேன். அவரும் ஓர் அம்புக்குறிதான் என்றார். பெரிய துரை? அவரும். நான்? சற்றுத் தயங்கி, என்னையும் காட்டினார். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தவரை மட்டும் அந்த வட்டத்துக்குள் எங்கே வரைவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுப்படியில் பெரிய டீமேக்கர் ஒரு கவ்வாத்துக் கத்தியைக் கேட்டு வாங்கினார். மின் இணைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுத் துரையைப் பார்த்தார். "வெட்டட்டுங்களா துரை?"

கம்பனி பொருத்திய கம்பி. கொழும்பைக் கேட்காமல் வெட்டச் சொல்லத் துரைக்கும் கூச்சம். பெரிய டீமேக்கர் கத்தியைக் கம்பியில் வைத்தார். "சரிங்க. நா வெட்டுனதா எழுதிக்கங்க" என்று சொல்லி வெட்டினார்.

மருதமுத்துவுக்குப் பத்துச்சீட்டு இல்லை. துரையே சாவியை அவர் கையில் கொடுத்தார். மாலையைத் துரைசானி பாக்கியத்தின் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, நன்றாக ஆடினாய் என்று அவளிடமே சொன்னார். பாக்கியம் வாங்கிக்கொண்டு, "இப்ப யாரும் மறுத்துப் பேசாதீங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். அதன்பின் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் சங்கு ஊதியதும் மருதமுத்து பெட்டியருகே கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வருகிறவர்கள் முதலில் அந்தக் கையைப் பார்ப்பார்கள். பனி மூடிய நாட்களில் அருகே போய்த் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

நாசமான கொழுந்துக்குக் கம்பனியின் கொழும்பு ஆபீஸ் விளக்கம் கேட்டது. அது அனுப்பிய படிவத்தில் பொறுப்பானவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விடக்கூடாது. பெரிய டீமேக்கர் தம் பெயரைப் போடச் சொன்னார். துரைக்கு மனம் வரவில்லை. நெடுநேரம் யோசித்து, சூடு காக்கும் கருவி என்று எழுதினார். சில வாரங்களில் பதில் வந்தது. கட்டம் நிரம்பியிருந்தது கொழும்புக்குத் திருப்தி. பொறுப்பானவரை உடனடியாக வேறு தோட்டத்துக்கு இடமாற்றம் செய்யுமாறும், பயணச் செலவைத் தோட்டமே ஏற்குமாறும் அதில் இருந்தது. நாங்கள் பித்தளைத்துரையைக் கழற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைத்து, லொறியில் ஏற்றினோம். புறப்படும் அதிகாரிகளுக்குச் செய்வதுபோல் சின்னத்துரை தொப்பியைத் தூக்கினார். அவர் வேடிக்கைக்குச் செய்தாரா என்பதை நான் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. கம்பியைச் சங்கோடு இணைக்கச் சொன்னவர் யார் என்பது தெரியாது. மெக்கானிக் கம்பனி சொன்னதாகச் சொன்னார். கம்பனி தோட்டம் கேட்டதாக எழுதியது. தோட்டத்தில் கேட்டவர் எவரும் இல்லை. தொட்டிலில் கிடந்த கொழுந்தும் தேயிலையாகியதா என்பது தெரியாது. பித்தளைத்துரை வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனதை லொறிக்காரர் மூலம் உறுதி செய்துகொண்டேன். அப்போதும் அதனோடு மணி இல்லை. அங்கே அதை எதனோடு இணைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.